பச்சை அட்டை நோட்டும் மாமாவின் விசிலும்

நம் வகுப்பு மலருக்கு ஆளுக்கொரு பால்ய நினைவு எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். எல்லோரும் கொடுத்தாகிவிட்டது, நீ மட்டும்தான் பாக்கி என்று இரண்டு முறை போனும் வந்துவிட்டது.

எனக்கு அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நான் டைரி எழுதத் தொடங்கியது பதினேழு வயதில். அதற்கு முந்தைய எதையும் நினைவிலிருந்துதான் எழுத வேண்டும். நினைவை நான் நம்புவதில்லை. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு அப்படித்தான் ஆகும். ஆகவே, என்னிடம் குறிப்பு இருக்கும் ஒரே பால்யத்தைப் பற்றி எழுதுகிறேன். அது என் மகளுடையது. அவள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, ஒன்றரை வருடத்துக்கும் மேல் மூடிக் கிடந்த பள்ளிகள் திறந்த அந்த நவம்பரும் டிசம்பரும். உங்களில் பலர் அப்போது ஏதோ ஒரு பள்ளி வாசலில் குடையோடு நின்றிருப்பீர்கள்.

பள்ளி திறப்பதற்கு முன் ஒரு சம்மதக் கடிதம் வந்தது. என் சொந்த விருப்பத்தில்தான் பிள்ளையை அனுப்புகிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். மூன்று முறை படித்துவிட்டுப் போட்டேன். அதைக் கொடுத்ததும் ஒரு பச்சை அட்டை நோட்டு தந்தார்கள். உள்ளே கட்டங்கள்: தேதி, உடல் வெப்பம், சளி, இருமல், வாசனை தெரிகிறதா, பெற்றோர் கையொப்பம். தினமும் காலையில் வீட்டில் காய்ச்சல் பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். 99.5-க்கு மேல் இருந்தால் அனுப்பக் கூடாது. நோட்டோடு ஒரு ஜிப் கவர், அதில் மாற்று மாஸ்க் ஒன்று.

எனக்கு அந்த நோட்டு உடனே பிடித்துவிட்டது. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரும்புலியூர் வீட்டில் அப்போது நாங்கள் நான்கு பேர். நான், பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் என் மனைவி, மகள், மனைவியின் அண்ணன். மகளைப் போலவே நானும் இங்கே அவரை மாமா என்றே எழுதுகிறேன். பஸ் கண்டக்டராக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சர்க்கரை நோயில் இடது காலின் இரண்டு விரல்களை எடுத்த பிறகு வேலையை விட்டுவிட்டு எங்கள் முன்னறைக்கு வந்துவிட்டார். தடுப்பூசி ஒன்று போட்டிருந்தார். அதற்கே காய்ச்சல் வந்தது என்று இரண்டாவதைத் தள்ளிக்கொண்டே போனார். நானும் வற்புறுத்தவில்லை. அவர் கட்டிலுக்கு மேல் ஒரு ஆணியில் அவருடைய விசில் தொங்கும். நிக்கல் போய்ப் பித்தளை தெரியும் விசில், கறுப்புக் கயிறு.

மகளை ஸ்கூட்டரில் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. தெருமுனையில் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் போக வேண்டும். முன்பெல்லாம் பின்னால் உட்கார்ந்து விசில் ஊதுவது மகள்தான். மாஸ்க் வந்த பிறகு ஊத முடியவில்லை என்று அவர் தோளில் தட்டுவாள். இரண்டு தட்டு. “ரைட், போலாம்!” என்று அவரே சொல்லிக்கொண்டு கிளம்புவார்.

அந்த நவம்பர் முழுக்க மழை. சில நாள் நானும் குடையோடு பள்ளி வாசல்வரை போவேன். இரண்டு நாள் பள்ளி, மூன்று நாள் விடுமுறை. பள்ளி வாசலில் இடைவெளி விட்டு நிற்பதற்காகச் சுண்ணாம்புப் பொடியில் வட்டங்கள் போட்டிருந்தார்கள். மழை அவற்றைக் கரைத்து வெள்ளைத் தண்ணீராக ஆக்கிவிடும். பிள்ளைகள் அந்தத் தண்ணீரில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். வாட்ச்மேன் ஒவ்வொரு நெற்றிக்கும் நேராகக் காய்ச்சல் பார்க்கும் துப்பாக்கியைப் பிடிப்பார். நனைந்த நெற்றியில் அது 93, 94 என்று காட்டும். பக்கத்தில் ஆயா கைகளில் சானிடைசரை அடிப்பார். அந்த மருந்து வாடையும் ஈரச் சீருடையின் வாடையும் கலந்த ஒன்று இப்போதும் என் மூக்கில் இருக்கிறது.

“இன்னாபா, காலைல இருந்து நெத்தியிலேயே சுட்டுகினு கீறே, ஒண்ணுகூட சாயலையே?” என்பார் மாமா.

“பெருசு, மொதல்ல ஸ்கூட்டரை நவுத்து. பின்னாடி வேன் நிக்குது.”

“என்னையும் ஒரு தபா சுடு. சக்கரை எவ்ளோ கீதுன்னு சொல்லுதா பாப்போம்.”

வாட்ச்மேன் சுடுவார். மகள் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொள்வாள்.

வகுப்பை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். ஒற்றைப்படை எண்கள் ஒரு நாள், இரட்டைப்படை எண்கள் மறுநாள். ஒரு பெஞ்சுக்கு ஒருவர், பக்கத்து இடத்தில் மஞ்சள் டேப்பால் பெருக்கல் குறி. மூன்றாம் வகுப்பிலிருந்து மகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழி இரட்டைப்படைக்குப் போய்விட்டாள். இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தார்கள், வேறு வேறு நாளில். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கரும்பலகையைப் பார்த்தபடி பேசாமல் சாப்பிட வேண்டும்.

“பேசினா என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டேன்.

“யாரும் பேசறதில்லப்பா. பேசறதுக்கு யார் இருக்கா?”

அதையும் அன்றைய டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். அதற்குமேல் அதைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

ஒரு நாள் சப்வேயில் தண்ணீர் ஏறிவிட்டது என்று அவசரமாகக் கிளம்பியதில் மகளுக்குக் காய்ச்சல் பார்க்க மறந்துவிட்டேன். மறுநாள் காலை நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.

“98.2-ன்னு போட்டுடுங்கப்பா. மிஸ் கேப்பாங்க.”

“எடுக்காத அளவை எழுதக் கூடாது.”

“நேத்து நான் நல்லாத்தானே இருந்தேன்? உங்களுக்கே தெரியுமே.”

“எனக்குத் தெரியும். ஆனா அன்னிக்கு எழுதலையே. அன்னிக்கு எழுதாததை அப்புறம் எழுதினா அது பொய்க் கணக்கு. எங்க லேப்ல அதுக்கு மெமோ கொடுப்பாங்க.”

கட்டிலில் கால் புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்த மாமா சிரித்தார். “மாப்ள, நீ மட்டும் கண்டக்டரா இருந்திருந்தா டிப்போவையே இழுத்து மூடியிருப்பாங்க.”

அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திட்டேன். பிள்ளைக்கு நல்லதொன்றைச் சொல்லிக் கொடுத்துவிட்டதாக நினைத்தேன்.

டிசம்பரில் மழை குறைந்தது. எங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுப் பயிற்சி தொடங்கியது. நான் பாஸ், அதாவது அடிக்குரல். பாடகர் குழு அறை சின்னது. வெளியே தூறல் என்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தோம். மாஸ்க் போட்டுக்கொண்டு உச்சத்தில் பாட வராது என்று எல்லோரும் அதைத் தாடைக்கு இறக்கியிருந்தோம்.

அதற்கடுத்த வாரம் திங்கட்கிழமை பள்ளியில் கிறிஸ்துமஸ் காட்சியை வீடியோ எடுப்பதாக இருந்தார்கள். விழா கிடையாது, வீடியோ மட்டும். அதற்காக அன்று ஒரு நாள் இரண்டு பிரிவையும் சேர்த்து மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மகளும் தோழியும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் தேவதூதர்கள். ஞாயிறு முழுக்க அட்டையில் ஜிகினாத் தாள் ஒட்டிச் சிறகு செய்தாள்.

திங்கள் காலை 99.4. மூக்கு லேசாக ஒழுகியது.

“அப்பா, 98.4-ன்னு போடுங்கப்பா. ஒரு நம்பர்தானே.”

“காட்டினதைத்தான் எழுதணும்.”

“சளின்னாவது போடாதீங்க. சிறகு செஞ்சிருக்கேன்ப்பா.”

99.4 என்று எழுதினேன். சளி: ஆம். 99.5-க்கு மேல் இருந்தால்தானே அனுப்பக் கூடாது? இது 99.4. ஆகவே அனுப்பினேன். அன்று அதில் எனக்கு ஒரு தவறும் தெரியவில்லை.

ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு மாமா ஆய்வகத்துக்குப் போன் செய்தார். “மாப்ள, துப்பாக்கி ஓகேன்னுச்சு. அந்த மிஸ் உன் நோட்டைப் படிச்சிட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. புள்ள றெக்கையோட அழுவுது.”

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க மாமா. சாயங்காலம் வந்து டாக்டர்கிட்ட காட்டறேன்.”

“நீ வேலையைப் பாரு. நான் பாத்துக்கறேன்.”

டைரியில் இப்படி இருக்கிறது: ‘பள்ளி திருப்பி அனுப்பியது. மாமா பார்த்துக்கொள்கிறார்.’

சளி பிடித்த பிள்ளையைப் பள்ளி உள்ளே விடாமல் காத்துக்கொண்டது. நான் அவளை யாரிடம் அனுப்புகிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனைவி பள்ளியில், நான் வேலையில். வீட்டில் இருந்தவர் ஒரே ஒரு ஊசி போட்ட சர்க்கரை நோயாளி.

வியாழன் அன்று மாமாவுக்கு இருமல் தொடங்கியது. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எங்கள் மூவருக்கும் பரிசோதனை எடுத்தார்கள். எனக்கும் மனைவிக்கும் இல்லை என்று வந்தது. மகளுக்கு இருக்கிறது என்று வந்தது. அவளுக்கு அதற்குள் சளிகூட நின்றுவிட்டிருந்தது.

மாமாவை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது அவர் அவளைத் தேடினார். அவள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். நாங்கள்தான் அப்படி இருக்கச் சொல்லியிருந்தோம்.

“பாப்பா, ரைட் கொடு, போலாம்” என்று கதவைப் பார்த்துச் சொன்னார். அவரே “ரைட்” என்று சொல்லிக்கொண்டார். ஒன்பதாம் நாள் இறந்துபோனார்.

கல்லறைத் தோட்டத்தில் எங்களில் கொஞ்சம் பேரைத்தான் விட்டார்கள். முகம் பார்க்க முடியவில்லை. பெட்டியோடு விசிலை வைக்கலாம் என்று நான் முன்னறையில் தேடியிருந்தேன். ஆணியில் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சட்டைப் பையில் வைத்திருப்பார், அங்கேயே போயிருக்கும் என்றாள் மனைவி.

ஜனவரியில் வகுப்பு ஆசிரியை போன் செய்து துக்கம் விசாரித்தார். “சார், நீங்க நோட்டுல கரெக்டா எழுதினதாலதான் எங்க கிளாஸ்ல ஒரு பிள்ளைக்கும் வரல. தேங்க்ஸ் சார்” என்றார். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

மகள் மாமாவைப் பற்றிப் பேசவில்லை. குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடும் என்று நாங்கள் நினைத்தோம். எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிய பிறகும் அவள் போட்டுக்கொண்டாள். பல்லுக்குக் கம்பி கட்டியிருப்பதால் கூச்சம் என்றோம். பிறகு முகப்பரு என்றோம். ஒரு தும்மல் வந்தால் தன் தட்டையும் தம்ளரையும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்ப் படுப்பாள். “நம்ம வீட்டு சுகாதாரத் துறை” என்று நானே கேலி செய்திருக்கிறேன்.

இப்போது ஒன்பதாம் வகுப்பு. இந்த ஜூனில் என் மனைவியின் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். மகள் சர்ச் உள்ளே வரவில்லை. காலையில் இரண்டு முறை தும்மிவிட்டாளாம். வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் மாஸ்க்கோடு நின்றாள்.

“சொந்தச் சித்தி கூப்பிடறா, வந்து ஒரு தடவை குழந்தையைத் தூக்கினா என்னடி? அவ்ளோ திமிரா?” என்று மனைவி பொரிந்தாள்.

“வேணாம்மா. மாமா மாதிரி ஆயிடப் போவுது.”

மனைவி ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தாள். நான் மகளைப் பார்த்தேன். அவள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் தன் புத்தக அலமாரியின் பின்னாலிருந்து இரண்டு பொருட்களைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். ஒன்று அந்தப் பச்சை அட்டை நோட்டு. அந்தத் திங்கட்கிழமை வரிசையிலிருந்து பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டிருந்தாள். அதன் முனையில் பத்து வயதுக் கையெழுத்தில்: ‘வியாழன், மாமா இருமல். அப்பா டைரி.’

இன்னொன்று, பள்ளியில் கொடுத்த ஜிப் கவர். உள்ளே விசில்.

“அன்னிக்கு அழுதுட்டே இருந்தேன்னு மாமா பஸ் விளையாட்டு ஆரம்பிச்சார். நாற்காலியெல்லாம் வரிசையா போட்டோம். நான்தான் கண்டக்டர். மாஸ்க்கைக் கழட்டிட்டு ஊதினேன். அப்புறம் மாமா வாங்கி, ‘இப்படி ஊதணும் பாப்பா’ன்னு ஊதிக் காட்டினார். துடைக்கவே இல்ல.”

மனைவி கவரை எடுத்துப் பிரிக்கப் போனாள்.

“தொறக்காதீங்கம்மா!”

அப்படி ஒரு குரலை நான் அவளிடம் கேட்டதில்லை. மனைவி கையை எடுத்துக்கொண்டாள். அண்ணனின் விசில் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அவள் தொடவில்லை, உட்கார்ந்து அழுதாள்.

“உன்கிட்ட யாரும் எதுவும் சொல்லலையேம்மா” என்றேன்.

“சொல்லல. எழுதியிருந்தீங்களே.”

நண்பர்களே, இதுவரை எழுதியதெல்லாம் டைரியில் இருப்பது. இனி எழுதுவது அதில் இல்லாதது.

அந்தத் திங்களுக்கு முந்தைய புதன்கிழமையிலிருந்து எனக்குத் தொண்டை கரகரப்பாக இருந்தது. வெள்ளியன்று குரலே சரியாக வரவில்லை. ராத்திரி கொஞ்சம் உடம்பு சுட்டது போலவும் இருந்தது. டிசம்பர் என்றால் எங்கள் குழுவில் எல்லோருக்கும் தொண்டை கட்டும். பாடினால் கட்டத்தானே செய்யும். டெனர் குரல் பாடும் இரண்டு பேர் அந்த வாரம் வரவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது என்றார்கள், சிரித்தோம். மகளுக்குத் தினமும் காலையில் காய்ச்சல் பார்த்த நான், எனக்கு ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. நோட்டில் பிள்ளைக்குத்தான் கட்டம் இருந்தது, எனக்கு இல்லை. ஞாயிறன்று அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிறகுக்குப் பசை தடவியதும் நான்தான். மாமாவோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து செய்தி பார்த்ததும் நான்தான்.

இதை முழுவதும் அவளிடம் சொன்னேன். “உனக்கே என்கிட்ட இருந்துதான் வந்திருக்கும். மாமாவுக்கும் என்கிட்ட இருந்தே போயிருக்கலாம்.”

அவள் கவனமாகக் கேட்டாள். அலமாரிக்குப் போய் அந்த வருட டைரியை எடுத்து வந்தாள். எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடவே இல்லை. புதன், வியாழன், வெள்ளி மூன்று பக்கங்களையும் படித்தாள். புதன்கிழமை: ‘பயிற்சி. இரண்டாவது பாட்டில் ஆல்டோ குரல் சேரவில்லை.’ வெள்ளிக்கிழமை: ‘மகள் 98.0. சளி இல்லை. இருமல் இல்லை.’

“இதுல இல்லையேப்பா.”

“எழுதலம்மா. அப்போ பெரிசா தெரியல.”

“டெஸ்ட்லயும் உங்களுக்கு நெகட்டிவ்.”

“அதுக்குள்ள பத்து நாள் ஆயிடுச்சு. எனக்குச் சரியாகியிருக்கும்.”

“இருக்கும்” என்றாள். என் சொல்லை அவள் திருப்பிச் சொன்ன விதத்தில் அது எவ்வளவு இலேசாக இருந்தது என்று தெரிந்தது.

நான் மனைவியைப் பார்த்தேன். “நீதானே எனக்குச் சுக்கு வெந்நீர் வச்சுக் கொடுத்தே? சொல்லேன்.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவளுக்கும் பொய் வராது. “டிசம்பர்ல தினமும் யாருக்காவது வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். உங்களுக்கு வச்சேனான்னு ஞாபகம் இல்லங்க.”

மகள் டைரியை மூடினாள். “எனக்காகச் சொல்றீங்கப்பா. பரவால்ல.”

நான் பேனாவை எடுத்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் கீழே பாதி இடம் காலியாகத்தான் இருந்தது. என் தொண்டையைப் பற்றி ஒரு வரி எழுதிவிடலாம், அது உண்மைதான், அப்போது விட்டுப்போனது என்று.

“வேணாம்ப்பா. அன்னிக்கு எழுதாததை அப்புறம் எழுதக் கூடாது” என்றாள்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு மெமோ வந்துவிடப்போகிறதே என்கிற அக்கறையில்தான் சொன்னாள். பேனாவை மூடி வைத்தேன்.

இந்த வீட்டில் என் டைரியை எல்லோரும் நம்புவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது. கேபிள்காரன் எப்போது வந்தான், தொட்டியை எப்போது கழுவினோம் என்று எந்தச் சண்டைக்கும் டைரிதான் தீர்ப்பு. என் வாயால் சொல்வதை அதற்கு மேலாக நம்ப வைக்க எனக்கு வழி தெரியவில்லை. கவுன்சலரிடம் அழைத்துப் போனோம், இரண்டு முறை வந்தாள், மரியாதையாகப் பேசினாள். யாருடைய மூச்சிலிருந்து யாருக்குப் போனது என்று எந்தப் பரிசோதனைக் கூடத்திலும் இனிச் சொல்ல முடியாது. நானாக இருக்கலாம். அவளாகவும் இருக்கலாம். நான்தான் என்று அடித்துச் சொல்லவும் என்னால் முடியவில்லை. எனக்கே தெரியாததை எப்படி எழுதுவது? விசில் இப்போதும் கவருக்குள்தான் இருக்கிறது. மனைவி அதை ஆணியில் கவரோடு மாட்டியிருக்கிறாள்.

போன திங்கட்கிழமை காலை, நான் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது மகள் சீருடையில், மாஸ்க்கோடு வந்து நின்றாள். கையில் ஒரு புது நோட்டு. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருந்தாள். தேதி. அவள் பெயர், வெப்பம், சளி, இருமல். அதற்குப் பக்கத்தில் ‘அப்பா’ என்று ஒரு கட்டம், அதற்குக் கீழும் வெப்பம், சளி, இருமல். கடைசியாகத் ‘தொண்டை’ என்று ஒன்று. அது எனக்கு மட்டும்தான் இருந்தது.

“வாயைத் திறங்கப்பா.”

திறந்தேன். தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்தாள். பேனாவைத் திறந்து தேதியை எழுதினாள். நான் சொன்னதை நம்பிவிட்டாளா, அல்லது அவள் காவல் காக்க வேண்டியவர்களின் வரிசையில் நானும் சேர்ந்துவிட்டேனா என்று அவள் கண்ணைப் பார்த்தேன். மாஸ்க்குக்கு மேல் கண் மட்டும்தான் தெரிந்தது. கேட்க வாயெடுத்தேன்.

“பீப் வர்ற வரைக்கும் பேசாதீங்கப்பா” என்றாள்.